ஈ, தா, கொடு: ஆண்டு விடுப்பைக் கேட்கும் முறை

முன்னுரை

உழைப்பைப் போற்றும் எழுத்துகள் தமிழில் பல. ஓய்வை உரிமையாக எண்ணிப் பார்க்கும் எழுத்துகள் சிலவே. கூலி குறைந்தால் உரத்துப் பேசும் தொழிலாளரும், விடுப்பு என்று வந்தால் குரல் தாழ்த்தி விடுகின்றனர். இராஜபாளையத்து நூற்பாலைகளுக்கும், சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணித் தறிக்கூடங்களுக்கும், ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைவீதிக்கும் வன்னியம்பட்டி போன்ற சிற்றூர்களிலிருந்து வேலைக்குச் செல்வோர் பலர். பட்டம் பெற்று நாளை அவ்வாறே பணிக்குச் செல்லவிருக்கும் மாணவர்களுக்கும், பிறரைப் பணியில் அமர்த்தியிருக்கும் பெரியோர்களுக்கும் ஆண்டு விடுப்பைப் பற்றிய தெளிவு வேண்டும். விடுப்பு யாருடையது, அதனை எவ்வாறு கேட்பது என்னும் இரண்டையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூன்று சொற்கள்

ஒன்றைக் கேட்டுப் பெறுதற்குரிய சொற்களாக ஈ, தா, கொடு என்னும் மூன்றினைத் தொல்காப்பியம் எச்சவியலில் வகுத்துரைக்கிறது. தாழ்ந்தோன் உயர்ந்தோனிடம் கேட்பது ‘ஈ’ எனவும், ஒத்தவனிடம் கேட்பது ‘தா’ எனவும், உயர்ந்தோன் கேட்பது ‘கொடு’ எனவும் அந்நூல் பிரித்துக் காட்டும். மூன்றுமே இரத்தற் சொற்கள்தாம். ஆகவே, கேட்பதனால் மட்டும் ஒருவர்க்கு இழிவு வந்துவிடாது. எந்த நிலையில் நின்று கேட்கிறோம் என்பதே வேறுபாடு.

விடுப்புக் கேட்கும் நம் வழக்கை இவ்வளவையால் அளந்து பார்ப்போம். “முதலாளி மனசு வைக்கணும், இந்த ஒரு தடவை மட்டும்” என்று கேட்பது ‘ஈ’ என்னும் நிலை. “நாளை முதல் நான் வர மாட்டேன், உங்களால் ஆனதைப் பாருங்கள்” என்பது ‘கொடு’ என்னும் நிலை. முன்னது உரிமையை இரவலாக்குகிறது. பின்னது உறவை முறிக்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள ‘தா’ என்னும் ஒப்போர் மொழியே விடுப்புக்கு உரியது. ஏனெனில், கேட்கப்படுவது தொழிலாளி முன்னரே உழைத்துச் சேர்த்த பொருள்.

நம் அலுவலக வழக்கிலேயே இதற்குச் சான்றுண்டு. அரசு அலுவலகங்களில் ‘தற்செயல் விடுப்பு’, ‘மருத்துவ விடுப்பு’ என்பவற்றோடு ‘ஈட்டிய விடுப்பு’ என்னும் தொடரும் வழங்குகிறது. ஈட்டுதலாவது உழைத்துச் சேர்த்தல். ஈட்டிய பொருளைப் பெறுபவர் கடன் கேட்பவர் அல்லர். தம் கணக்கிலிருந்து எடுப்பவர்.

வரலாறு

இவ்வுரிமை ஒரே நாளில் கிடைத்ததன்று. 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது, பக்கிங்ஹாம், கர்நாட்டிக் ஆலைத் தொழிலாளர் முன்வைத்த குறைகளுள் ஒன்று, மதிய உணவு இடைவேளை போதவில்லை என்பது. சில நிமிட ஓய்வுக்கே போராட வேண்டியிருந்த காலம் அது. பி. ஏ. சி. இராமசாமி ராஜா இராஜபாளையத்தில் நூற்பாலை நிறுவிய ஆண்டு 1936. அதே ஆண்டு சூனில் பிரான்சு நாடு தன் தொழிலாளர்க்கு ஊதியத்துடன் இரு வார விடுப்பைச் சட்டமாக்கியது. அதே மாதத்தில் பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு, ஓராண்டு பணி செய்தவர்க்குக் குறைந்தது 6 வேலை நாட்கள் ஊதிய விடுப்பு வேண்டும் என்று உடன்படிக்கை வகுத்தது. இந்தியாவில் 1945 ஆம் ஆண்டுத் திருத்தம் ஆலைத் தொழிலாளர்க்கு 10 நாட்களை அளித்தது. பின்னர் வந்த 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், ஓராண்டில் 240 நாட்கள் பணி செய்தவர்க்கு 20 நாள் உழைப்புக்கு ஒரு நாள் என்னும் கணக்கை நிலைநாட்டியது.

இக்கணக்கு கீழெல்லையேயன்றி மேலெல்லையன்று. பரோடாவின் அலெம்பிக் கெமிக்கல் ஒர்க்ஸ் நிறுவனத்தின் வழக்கில், சட்டம் கூறுவதினும் மிகுதியான விடுப்பைத் தீர்ப்பாயம் வழங்கலாம் என உச்ச நீதிமன்றம் விளக்கியது. அத்தீர்ப்பு 1961 ஆம் ஆண்டின் சட்ட இதழ்களில் இடம்பெற்றது.

2025 நவம்பர் 21 முதல், பணிப் பாதுகாப்பு, நலவாழ்வு, பணிச்சூழல் குறித்த 2020 ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துள்ளது. 240 நாட்கள் என்றிருந்த தகுதி 180 நாட்களாகக் குறைந்தது. 20 நாளுக்கு ஒரு நாள் என்னும் கணக்கு நீடிக்கிறது. கடைகளிலும் வணிக நிறுவனங்களிலும் பணி செய்வோர்க்கு, 1947 ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 12 மாதத் தொடர்பணிக்குப் பின் ஊதியத்துடன் 12 நாட்களை உறுதி செய்கிறது. தேசிய விடுமுறையும் பண்டிகை விடுமுறையும் இவற்றின் வேறானவை.

எழுதாத விண்ணப்பம்

இங்கு ஒரு நுட்பத்தை மாணவர்கள் கருத்திற் கொள்ள வேண்டும். எடுக்காத விடுப்பை அடுத்த ஆண்டுக்குக் கொண்டு செல்லலாம். ஆனால் 30 நாட்களே அதற்கு எல்லை. விண்ணப்பித்தும் மறுக்கப்பட்ட விடுப்புக்கோ இவ்வெல்லை இல்லை. பழைய சட்டமும் புதிய தொகுப்பும் இதில் ஒன்றுபடுகின்றன. அதாவது, கேட்டு மறுக்கப்பட்டவரைச் சட்டம் காக்கிறது. கேளாமலே அடங்கியிருந்தவரைக் காப்பதில்லை.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஆண்டுக்கு 280 நாட்கள் உழைப்பவர்க்கு 14 நாட்கள் விடுப்புச் சேரும். 20 ஆண்டுகளில் அது 280 நாட்களாகும். “கேட்டால் முதலாளி முகம் சுளிப்பார்” என்று ஒரு நாளும் விண்ணப்பிக்காதிருந்தவர்க்குப் பழைய சட்டப்படி 30 நாட்களே எஞ்சும். 250 நாட்கள் கரைந்தே போகும். ஏறத்தாழ ஓராண்டு உழைப்புக்கு ஈடான நாட்கள் அவை. மகளின் மகப்பேறு, தாயின் மருத்துவம், மகனின் கல்லூரிச் சேர்க்கை என உடனிருக்க வேண்டியிருந்த நாட்கள் அவற்றுள் எத்தனை!

30 நாளுக்கு மிஞ்சியதைப் பணமாகப் பெறவும், ஆண்டிறுதியில் கோரிப் பணமாக்கவும் புதிய தொகுப்பு வழி செய்கிறது. இது நன்மையே. ஆயினும் ஓய்வை முழுதும் விற்றுவிடும் பழக்கம் நன்றன்று. குறைந்த அளவு விடுப்பைப் பணத்துக்காகக் கைவிடும் ஒப்பந்தம் செல்லாது, அல்லது தடை செய்யப்பட வேண்டும் என்று 1970 ஆம் ஆண்டுப் பன்னாட்டு உடன்படிக்கை கூறுவது இதனாலேயே. நம்மவர் பலர் பணிபுரியும் சவூதி அரேபியாவின் தொழிலாளர் சட்டமும், ஆண்டுக்கு 21 நாட்கள், ஐந்தாண்டுத் தொடர்பணிக்குப் பின் 30 நாட்கள் என விடுப்பை வகுத்து, பணியிலிருக்கும்போது தொழிலாளி அதனைக் கைவிடலாகாது என்கிறது.

‘தா’ என்னும் மொழியில் ஒரு விண்ணப்பம்

விண்ணப்பம் பணிவாகவும் தெளிவாகவும் அமையலாம். ஓர் எடுத்துக்காட்டு:

“மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு வணக்கம். என் கணக்கில் 14 நாட்கள் ஈட்டிய விடுப்பு உள்ளது. அதில் 5 நாட்களை வரும் மாதம் 5 முதல் 9 வரை எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். அந்நாட்களில் என் பணியைக் கவனிக்க உடன் பணியாற்றுபவர் ஒருவர் இசைந்துள்ளார். இந்நாட்கள் ஒத்துவராவிடில், வேறு நாட்களைக் குறித்து எழுத்தில் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன்.”

இதில் கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை. கையிருப்பு, நாட்கள், மாற்று ஏற்பாடு, எழுத்தில் விடை என்னும் நான்கும் உள்ளன. இதனைப் பதினைந்து நாட்களேனும் முன்னதாகக் கொடுத்து, ஒரு படியைத் தம்மிடம் வைத்துக்கொள்வது நலம். காரணத்தை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பொய்க் காரணம் புனைவதோ கூடவே கூடாது. இல்லாத பாட்டிக்கு இறப்புச் சொல்லி விடுப்பு வாங்கும் வழக்கம், தன் பொருளைத் தானே திருடுவதற்கு ஒப்பாகும்.

முதலாளியின் பக்கம்

நிறுவனத்தின் இடர்ப்பாட்டையும் எண்ணிப் பார்த்தல் முறை. மூன்று ஷிப்டும் ஓடும் ஆலையில் ஒருவர் வராவிடில் அவர் சுமை மற்றவர் மேல் விழும். பொங்கல், ஆடிப்பூரத் தேரோட்டம், நோன்புப் பெருநாள் ஆகிய காலங்களில் விண்ணப்பங்கள் ஒருங்கே குவியும். இதற்கெனவே, தொழிலாளர் பிரதிநிதிகளுடன் கலந்து விடுப்பு முறைவரிசை வகுத்துக்கொள்ள 1948 ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. பெருநாளில் ஒருவர், தேரோட்டத்தில் மற்றொருவர் என முன்கூட்டியே பகிர்ந்துகொண்டால் வேலையும் நிற்காது, மனத்தாங்கலும் எழாது. எந்த நாள் என்பதில் முதலாளி கலந்து பேசலாம். விடுப்பே இல்லை என்பது அவர் எல்லைக்கு அப்பாற்பட்டது.

சிறு கடைகளில் சிக்கல் வேறு வகையினது. அங்கே முதலாளி ‘அண்ணாச்சி’ ஆகவும் ‘பாய்’ ஆகவும் இருப்பார், திருமணத்திற்கு உதவியிருப்பார், மருத்துவச் செலவுக்குக் கைகொடுத்திருப்பார். அந்நன்றியே தொழிலாளியின் நாவைக் கட்டிவிடும். உதவி வேறு, ஊதியம் வேறு என்பதைப் பெரியோர்களே முதலில் சொல்லிவிட்டால் எத்துணை நலம்! கேட்க அஞ்சுவோர்க்கு, “உனக்கு இத்தனை நாள் விடுப்பு இருக்கிறது, எப்போது எடுத்துக்கொள்கிறாய்?” என்று தாமே கேட்கும் முதலாளி, சட்டத்தினும் உயர்ந்து நிற்பவராவார்.

எல்லை மதிக்கப்படாத இடத்தில் விளைந்ததையும் நாம் கண்டோம். 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் தமிழகத்து நூற்பாலைகள் பலவற்றில் ‘சுமங்கலித் திட்டம்’ எனப் பெயர்பெற்ற முறையில் இளம்பெண்கள் விடுதிகளில் தங்கி உழைத்தனர். மூன்றாண்டு முடிந்தால் மொத்தத் தொகை உண்டு எனப்பட்டது. இடையில் விலகியோர் அதனை இழந்தனர். ஊருக்குச் சென்றுவரக் கிடைத்த நாட்களும் மிகச் சில என்பது கள ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. விடுப்புக் கேட்க இயலாத பணி, விலகவும் இயலாத பணியாக மாறும் என்பதற்கு இஃதொரு பாடம்.

முடிவுரை

விடுப்பு என்பது ‘விடு’ என்னும் வினையடியாகப் பிறந்த சொல். விடுப்பில் இருப்பவரை நாள்தோறும் தொலைபேசியில் அழைத்து வேலை வாங்கின், அது விட்டதாகாது. பணி செய்யும் நாளில் கடமை முழுமையாகட்டும். விடுப்பு நாளில் விடுதலை முழுமையாகட்டும். மாணவர்கள் பணியில் சேரும் நாளன்றே தம் விடுப்புக் கணக்கைக் கேட்டறிதல் வேண்டும். ஆண்டுதோறும் அதனைச் சரிபார்த்தல் வேண்டும். வேண்டியபோது எழுத்தில் கேட்டல் வேண்டும். தாழ்ந்து இரக்கவும் வேண்டா. உயர்ந்து அதட்டவும் வேண்டா. ஈட்டியவர் ‘தா’ என்று கேட்கட்டும். பெற்ற உழைப்பை எண்ணி முதலாளி தரட்டும்.