மரப்பொம்மையின் விலை

பெங்களூரிலிருந்து மைசூர் போகும் சாலையில் சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில் சன்னபட்டணா இருக்கிறது. மரப்பொம்மைக்குப் பேர்போன ஊர் அது.

காய்ந்த வெட்பாலை மரத்துண்டைக் கடைசல் இயந்திரத்தில் மாட்டுகிறார்கள். மரம் வேகமாகச் சுழலும். உளியை வைத்தால் உருவம் வரும். பிறகு, வண்ணம் சேர்த்த அரக்குக் குச்சியை மரத்தின் மேல் அழுத்துவார்கள். உரசும் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படியும். தாழை ஓலையால் தேய்த்தால் பளபளக்கும். குழந்தை வாயில் வைத்துச் சப்புமே! அதனால் மஞ்சள் போன்ற தாவரச் சாயங்களைச் சேர்ப்பது இந்தத் தொழிலின் சிறப்பு.

2001இல் வெளிநாட்டுப் பொருள்களுக்கு இருந்த பல கட்டுப்பாடுகள் நீங்கின. சீனப் பிளாஸ்டிக் பொம்மைகள் கடைகளை நிறைத்தன. அவை அச்சில் ஆயிரக்கணக்கில் வார்க்கப்படுபவை. ஆகவே விலை குறைவு.

"பிளாஸ்டிக் கிலுகிலுப்பை 40 ரூபாய்க்கு வருதே. நீங்களும் அதே விலைக்குக் கொடுங்க அண்ணே" என்று கடைக்காரர் கேட்டால் என்ன செய்வது? கணக்குப் போடுவோம். எண்கள் உதாரணத்திற்குத்தான்.

மரம் – 12 ரூபாய்
அரக்கு, சாயம் – 8 ரூபாய்
மின்சாரம், வாடகை – 5 ரூபாய்
செய்பவர் கூலி – 30 ரூபாய்
மொத்தம் – 55 ரூபாய்

40 ரூபாய்க்கு விற்றால் கூலி 15 ரூபாய்தான். பாதிக்கூலி! பலர் தங்கள் கூலியைக் கணக்கில் எழுதுவதே இல்லை. நஷ்டம் கண்ணுக்குத் தெரியாமல் போவது அதனால்தான்.

கூலியைக் குறைக்காமல் மற்றச் செலவைக் குறைக்கலாம். பத்துப் பேர் சேர்ந்து மொத்தமாக மரம் வாங்கலாம். மீதித் துண்டுகளில் பொத்தான், திரைச்சீலை வளையம் கடையலாம். ஆனால் அரக்குக்குப் பதில் மட்டமான பெயிண்ட் அடிக்கக் கூடாது. அப்புறம் நம் பொம்மையை யார் தேடி வருவார்கள்?

சட்டத்தின் துணையும் உண்டு. பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாக உயர்ந்தது. 2023இல் 70 சதவீதம் ஆனது. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம்.

இங்கே கவனமாகப் படியுங்கள். இந்த முத்திரை விதி வெளிநாட்டுப் பொம்மைக்கு மட்டும் அல்ல. உள்ளூர்ப் பட்டறைக்கும் உண்டு. மத்திய அரசின் கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞருக்கு விலக்கு இருக்கிறது. சன்னபட்டணா பொம்மை புவிசார் குறியீடு பெற்றது. அதன் பயனாளராகப் பதிவு செய்தவருக்கும் விலக்கு உண்டு. பதிவு இல்லாதவருக்கு இல்லை. தலைமுறை தலைமுறையாகச் செய்கிறோம் என்று சொன்னால் அதிகாரி கேட்கமாட்டார். அட்டை வேண்டும்.

பயிற்சி:
1. ஒரு நாளைக்கு 10 கிலுகிலுப்பை செய்கிறார். 40 ரூபாய்க்கு விற்றால் அன்றைய கூலி எவ்வளவு? 55 ரூபாய்க்கு விற்றால் எவ்வளவு?
2. நீங்கள் செய்யும் பொருளின் செலவை இதேபோல் எழுதுங்கள். உங்கள் கூலியைத் தனி வரியில் எழுதுங்கள்.