ஆட்குறைப்பு நஷ்டஈடு: கேட்டுப் பெறும் முறை

விளைச்சல் பொய்த்த காலத்திலும் தறி ஓய்ந்த காலத்திலும் நம் அங்கத்தினர் குடும்பங்கள் பலவற்றைத் தாங்குவது, வீட்டில் ஒருவர் நூற்பாலையிலிருந்து கொண்டுவரும் சம்பளமேயாகும். அவ்வேலை போய்விட்டால் சட்டப்படி வரவேண்டிய தொகை எவ்வளவு, அதைப் பெறுவது எவ்வாறு என்பதை அனைவரும் அறிந்திருத்தல் அவசியம்.

குற்றத்திற்குத் தண்டனையாக அன்றி, வேறு காரணத்தால் முதலாளி தொழிலாளியை நீக்குவது ஆட்குறைப்பு எனப்படும். தாமாக விலகுதல் இதில் சேராது. ஆகவே, இராஜிநாமா எழுதித் தந்தால் கணக்குத் தீர்க்கப்படும் என்று கூறினால் உடனே கையெழுத்திடலாகாது. அந்த ஒரு காகிதமே நஷ்டஈட்டு உரிமையை அழித்துவிடக்கூடும்.

இவ்வுரிமை 1953இல் தொழில் தகராறுச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் நிலைபெற்றுள்ளது. ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவருக்கு ஒரு மாத முன்னறிவிப்போ, அதற்கீடான சம்பளமோ தரவேண்டும். முந்திய 12 மாதங்களில் 240 நாள் வேலை செய்திருந்தாலும் ஓராண்டாகக் கொள்ளப்படும். அத்துடன், ஆண்டொன்றுக்கு 15 நாள் சராசரிச் சம்பளம் நஷ்டஈடாகும். ஆறு மாதத்திற்கு மேற்பட்ட மிச்சம் முழு ஆண்டாகும்.

உதாரணமாக, மாதம் 12,000 ரூபாய் பெற்று 8 ஆண்டு 7 மாதம் உழைத்தவருக்கு 9 ஆண்டுக் கணக்கு. ஆண்டுக்கு 6,000 வீதம் 54,000 ரூபாய். முன்னறிவிப்பு இல்லையெனில் மேலும் 12,000. ஆக மொத்தம் 66,000 ரூபாய். நிலுவைச் சம்பளமும் பணிக்கொடையும் இதில் அடங்கா, அவை தனி.

நீக்கும்போதே தரவேண்டிய இத்தொகையைத் தராவிடில், முதலில் கணக்கை விவரித்துப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புக. பயனில்லையேல், தொகை சேரவேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் தொழிலாளர் துறை அதிகாரி மூலம் அரசாங்கத்திற்கு மனுச் செய்க. தொழிலாளி எழுத்து மூலம் அதிகாரமளித்த பிறரும், அவர் இறந்துவிட்டால் வாரிசுகளும் மனுச் செய்யலாம். தொகை உண்மையெனக் கண்டால் அரசாங்கம் கலெக்டருக்குச் சான்று அனுப்பும். அவர் நிலவரிப் பாக்கியைப் போலவே அதை வசூலிப்பார். அவ்வசூலின் வலிமை விவசாய அங்கத்தினர் அறியாததன்று. தொகையைப் பற்றித் தகராறு எழுந்தால் தொழில் நடுவர் மன்றம் தீர்மானிக்கும்.

சங்கப் பாஸ் புத்தகத்தைப் போலவே நியமன உத்தரவு, சம்பளச் சீட்டு, வேலை நீக்கக் கடிதம் ஆகியவற்றையும் பத்திரப்படுத்துக. நஷ்டஈடு முதலாளி இடும் தர்மமன்று; உழைத்தவருக்குச் சேரவேண்டிய கடன். காலக்கெடு கடக்குமுன் அதைக் கேட்டுப் பெறுவதே அறிவுடைமை.