உயரமான பைக்கில் கால் எட்ட
தரையிலிருந்து சீட்டின் மேற்பரப்புவரை உள்ள அளவு இருக்கை உயரம் எனப்படும். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450-இல் அது 825 மில்லிமீட்டராக இருப்பினும், தொடைகளுக்கு இடையே வரும் அகலமும் கால் எட்டுவதைத் தீர்மானிப்பதால், சீட் தைப்பவரிடம் முன்பகுதி ஃபோமின் இரு ஓரங்களையும் செதுக்கச் செய்வதே முதலில் செய்யத்தக்கது. பின் சஸ்பென்ஷன் சுருளின் முன்னழுத்தமாகிய பிரிலோடைச் சற்றுத் தளர்த்தினால், ஓட்டுநரின் எடைக்கு வண்டி மேலும் சிறிது அமரும். பின் சஸ்பென்ஷனை இணைக்கும் லிங்க்கை மாற்றி வண்டியையே தாழ்த்துவது கடைசி வழி. ஏனெனில், தரை இடைவெளி குறைவதோடு, நீளம் மாறாத சைடு ஸ்டாண்டு வண்டியைப் போதிய அளவு சாயவிடாததால், லேசாகத் தள்ளினாலே அது மறுபுறம் சரிந்துவிடும். சிக்னலில் நிற்கையில் இடுப்பை இடப்புறம் நகர்த்தி, இடக்காலை முழுப்பாதமாக ஊன்றி, வலக்காலைப் பின் பிரேக்கில் வைத்திருப்பது, இரு கால்களின் நுனிவிரல்களில் தத்தளிப்பதைவிட உறுதியானது.