குட்டி ஸ்வரங்களுக்கு ஒரு கோடு



சுதந்திர தின விழாவில் எங்கள் பாட்டு பாதியில் நின்றது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். கீபோர்டில் நான் ஒரு பக்கம் போனேன், டிரம் அடித்த என் தோழி இன்னொரு பக்கம் போனாள். "பிராக்டிஸே பண்ணலையா?" என்று கேட்டார்கள். பண்ணினோம், ஆனால் அவரவர் வீட்டில்! தப்பு எங்கே என்று ஒரு வாரம் கழித்து ஒரகடம் கம்பெனியில் வேலை செய்யும் என் சித்தப்பாதான் கண்டுபிடித்தார். அவர் கீபோர்டு வாசிப்பார்.

மேல்நாட்டு இசையை ஐந்து கோடுகளின் மேல் எழுதுவார்கள். புளியங்கொட்டை மாதிரி ஒரு கறுப்புத் தலை, அதில் ஒரு குச்சி. அதில் பாதி நேரமே ஒலிக்கும் ஸ்வரத்துக்குக் குச்சி நுனியில் ஒரு வால். அதன் பெயர் குவேவர். அதிலும் பாதி என்றால் இரண்டு வால். இந்தக் குட்டிகள் அடுத்தடுத்து வந்தால் வாலை எடுத்துவிட்டு, குச்சிகளைச் சேர்த்துத் தடியாக ஒரு கோடு போடுவார்கள். அதுதான் பீம். வீடு கட்டும்போது தூண்களுக்கு மேலே போடுவார்களே, அதே பேர்தான்.

எத்தனை ஸ்வரத்தைச் சேர்ப்பது? இஷ்டத்துக்குச் சேர்க்கக் கூடாது. தாளம் எங்கே விழுகிறது என்று கோடு காட்டணும். ஆறு குவேவர் இருக்கு என்று வையுங்கள். மேலே 6/8 என்று போட்டிருந்தால் மூன்று மூன்றாகச் சேர்க்கணும்: தகிட தகிட. 3/4 என்றால் இரண்டு இரண்டாக, இல்லாவிட்டால் ஆறையும் ஒரே கோட்டில். எப்படிச் சேர்த்தாலும் எண்ணுவது தக தக தக. கை தட்டிப் பாருங்கள். ஆறு ஆறுதான், ஆனால் நடையே வேற!

எங்கள் தாள் கம்ப்யூட்டரில் அடித்தது. மியூஸ்ஸ்கோர், லில்லிபாண்ட் என்று இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. கோட்டை அவையே போட்டுவிடும். ஆனால் நாம் கொடுக்கும் தாளக் கணக்கைப் பார்த்துத்தான் போடும். எங்கள் பாட்டு தகிட நடை. தாள் அடித்தவர் 6/8-க்குப் பதில் 3/4 கொடுத்துவிட்டார். ஆறும் ரயில் பெட்டி மாதிரி ஒரே கோட்டில் வந்துவிட்டன. நான் அதைப் பார்த்து தக தக தக என்று வாசித்தேன். தோழி காதால் கேட்டுப் பழகியவள். அவள் அடித்ததுதான் சரி. (அவளை நான் திட்டியிருக்கக் கூடாது.)

நம் ஸ்வரப் புத்தகத்திலும் எழுத்துக்கு மேலே கோடு உண்டு. ஒரு கோடு என்றால் இரண்டு மடங்கு வேகம், இரண்டு கோடு என்றால் நாலு மடங்கு. 1890-களிலேயே சென்னையில் சின்னசாமி முதலியார் என்பவர் நம் கீர்த்தனைகளை ஐந்து கோட்டு முறையில் அச்சிட்டிருக்கிறார். அப்போது கம்ப்யூட்டர் ஏது? எந்தக் குட்டியை எதோடு சேர்ப்பது என்று ஆள்தான் யோசிக்கணும். நம்ம ஊர் முருகனையும் பாடிய அருணகிரிநாதரின் திருப்புகழைத் தாளம் போட்டுப் படித்தால் இந்தக் கணக்கு சீக்கிரம் பிடிபடும் என்று சித்தப்பா சொன்னார். அது உண்மைதான்.

3/4-ஐ 6/8 என்று மாற்றினோம். கோடுகள் தானாகவே மூன்று மூன்றாகப் பிரிந்தன. பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை பிரேயரில் நாங்கள் இருவரும் மறுபடி வாசிக்கிறோம். இந்தத் தடவை சேர்ந்தே பிராக்டிஸ் பண்ணியாச்சு.