ஏழு நாளும் ஏழு வனமும்

ஸபாரி என்னுஞ் சொல், கீழை ஆப்பிரிக்க மக்கள் வழங்கும் ஸ்வாஹிலி மொழியிற் பயணம் என்னும் பொருளது. அரபு மொழியிலுள்ள ஸபர் என்பதே அதற்கு மூலம். வேட்டையாடுதல் என்பதும், வனவிலங்கு காண்டல் என்பதும் பிற்காலத்தார் அதன்மேல் ஏற்றிய பொருள்கள். ஆகவே, ஸபாரி செல்ல விழைவார் முதற்கண் ஆராய வேண்டுவது விலங்கையன்று, வழியையேயாம். இவ்வுண்மையை யாம் அறிந்துகொண்டது ஒரு பிழையின் வாயிலாக. அப்பிழையையும், அதனின்று கற்ற பாடத்தையும் நேயர்கட்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

விடுமுறைக்கு முந்திய வாரத்தில் ஓரிரவு, விடுதித் தோழர் மூவேம் கீழை ஆப்பிரிக்காவின் நிலப்படம் ஒன்றை மேசைமேல் விரித்து அமர்ந்தோம். அந்நாட்டிற்குச் செல்லும் பொருள் அன்றும் எம் கையில் இல்லை, இன்றும் இல்லை. எனினும், பொருளில்லாதார் திட்டமிடலாகாது என்னும் விதி யாண்டும் இல்லையன்றோ? கென்யாவில் அம்போசெலி, நக்கூரு, மாசாய் மாரா. தான்சானியாவில் செரெங்கெட்டி, நிகோரோங்கோரோ, மன்யாரா, தரங்கீரி என ஏழு வனங்களைத் தேர்ந்தோம். நாள்களும் ஏழு. நாளொன்றுக்கு வனமொன்றெனக் கணக்கு மிக அழகாக முடிந்தது. மறுநாள் அத்தாளைப் பெருமிதத்தோடு பூகோள ஆசிரியர் ஒருவரிடம் காட்டினோம். அவர் நெடுநேரம் நோக்கிவிட்டு, "தம்பிகளே, இவ்வேழு நாளில் நீங்கள் விலங்கைப் பார்ப்பது எத்தனை மணி நேரம்? முன்னிருக்கையின் முதுகைப் பார்ப்பது எத்தனை மணி நேரம்?" என்று வினவினார். எம்மிடம் விடையில்லை. அன்றிரவு அளவுகோலுடன் மீண்டும் அமர்ந்தோம்.

நிலநடுக்கோட்டை அடுத்த நாடுகளில் எத்திங்களிலும் பகற்பொழுது ஏறக்குறையப் பன்னிரண்டு மணி நேரமே. ஏழு நாளுக்கு 84 மணி நேரம். அம்போசெலியினின்று நக்கூருவுக்குச் செல்வோர் வடக்கே நைரோபிப் பக்கமாகத் திரும்பி வந்தே செல்லவேண்டும். ஒரு பகலின் பெரும்பகுதி அதிலேயே கழியும். நக்கூருவினின்று மாராவுக்குப் பின்னும் அரைநாள். அதற்கப்பால் எம் திட்டத்தின் பெரும்பிழை இருந்தது. படத்தில் மாராவும் செரெங்கெட்டியும் ஒட்டிக் கிடக்கின்றன. இடையே ஒரு கோடு மாத்திரமே உண்டு. அக்கோட்டை அரைமணியிற் கடந்துவிடலாம் என்று எண்ணியிருந்தோம். ஆனால், 1977-இல் இரு நாடுகட்கும் இடையே பிணக்கு நேர்ந்து எல்லை அடைக்கப்பட்டது. 1983-இல் எல்லை மீளத் திறக்கப்பட்டபோதிலும், இவ்விரு வனங்களுக்கும் நடுவேயுள்ள பொலொகொஞ்சா வழி பயணிகட்குத் திறக்கப்படவில்லை. மேற்கே இசெபானியா வழியாகவேனும், கிழக்கே நமங்கா வழியாகவேனும் சுற்றிச் சென்று, எல்லையில் வண்டியையும் மாற்றிக்கொள்ளல் வேண்டும். ஒருநாள் முழுதும் அதற்கே சரியாகும். விலங்குகள் கடவுச்சீட்டின்றிக் கடக்கும் வழியை மனிதன் கடத்தல் இயலாது. இவ்வாறு கூட்டிப் பார்த்தவிடத்து, எம் 84 மணி நேரத்திற் பாதிக்கு மேற்பட்டது வண்டியின் ஓட்டத்திலேயே அழிவதைக் கண்டோம்.

நிற்க. மணி நேரத்தை மாத்திரம் எண்ணுவதும் போதாது. உச்சிவேளையிற் சிங்கம் நிழலிற் கிடந்து உறங்கும். சிறுத்தை மரக்கிளையில் மறைந்திருக்கும். வைகறையை அடுத்த இரண்டு மூன்று மணி நேரமும், மாலையில் அவ்வளவுமே கொன்றுண்ணும் விலங்குகள் பெரிதும் உலவும் வேளை. எனவே, ஏழு நாட் பயணிக்கு முதலாக வாய்த்த செல்வம் ஏழு விடியல்களேயாம். இரவு தங்கும் இடத்தை நாள்தோறும் மாற்றுவோன், விடியல்தோறும் மூட்டை கட்டுகின்றான். ஆகவே, ஒரு திட்டம் நன்றோ தீதோ என்பதை அறிய, அதில் எத்தனை வனங்கள் உள என்று எண்ணுதல் தவறு. எத்தனை விடியல்கள் வனத்தினுள் விடிகின்றன என்று எண்ணுதலே முறை.

இம்முறையைக் கடைப்பிடித்து யாம் இரண்டாவதாக வகுத்த திட்டம் தான்சானியா ஒன்றனுள்ளேயே அமைவது. முதல் நாள் அருஷா நகரினின்று ஏறக்குறைய 120 கிலோமீட்டர் சென்று தரங்கீரியை அடைதல். அங்கு மாலையும் மறுநாட் காலையும் யானைக் கூட்டங்களைக் காண்டல். மன்னார்க் கரையில் அரபு வணிகர் கொணர்ந்து நட்டனர் என்று கூறப்படும் பெருக்கமரம் அவ்வனத்திற் பருத்து நிற்பதையும் அங்குக் காணலாம். இரண்டாம் நாட் பிற்பகலில் மேட்டுநிலம் ஏறிக் கரத்து என்னும் ஊரில் தங்கல். மூன்றாம் நாள், பண்டை மாந்தர் எலும்புகளால் உலகறிந்த ஒல்துவாய்ப் பள்ளத்தாக்கில் இறங்கிப் பார்த்து, பிற்பகலிற் செரெங்கெட்டி புகுதல். அங்கு மூன்று இரவு தங்கல். ஆறாம் நாள் காலையையும் அங்கேயே கழித்துப் பின் நிகோரோங்கோரோ விளிம்புக்குத் திரும்பல். ஏழாம் நாள் விடியலில் அப்பெரும் பள்ளத்தில் இறங்கி, மாலைக்குள் அருஷா மீளல். இத்திட்டத்தில் வனங்கள் மூன்றே; ஆயின், வனத்தில் விடியும் விடியல்கள் ஐந்து. முதல் திட்டத்தில் அவை இரண்டுக்கு மேல் இல்லை.

இனி, கட்டணமும் விதியும் பற்றிச் சிறிது கூறுவாம். செரெங்கெட்டியில் நுழைவுக் கட்டணம் நாட்காட்டியின் நாளைக் கொண்டு கணக்கிடப்படுவதன்று. நுழைந்த வேளையினின்று 24 மணி நேரத்தைக் கொண்டே கணக்கிடப்படுவது. மூன்றாம் நாள் இரண்டு மணிக்கு நுழைந்தோர் ஆறாம் நாள் இரண்டு மணிக்குள் வெளியேறினால் மூன்று நாட் கட்டணம். சற்றே தாழ்த்தால் நான்காம் நாளுக்கும் கொடுக்கவேண்டும். நிகோரோங்கோரோப் பள்ளத்தில் இறங்கும் வண்டிக்குத் தனிக் கட்டணம் உண்டு. பள்ளத்தின் தரையில் இரவு தங்க இடமில்லை. செரெங்கெட்டியில் மணிக்கு 50 கிலோமீட்டர்க்கு மேல் வண்டி ஓட்டலாகாது. 14,763 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள வனத்தில் இவ்வேகம் எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும் என்பதை முன்னரே எண்ணி வைத்தல் வேண்டும்.

அடுத்தது, எத்திங்களிற் செல்வது என்பது. இதுபற்றி எம்முள் மூன்று நாள் வழக்கு நிகழ்ந்தது. செரெங்கெட்டியின் பெருஞ்சிறப்பு வில்டபீஸ்ட் என்னும் விலங்கின் வலசை. தலையால் எருதையும், காலால் மானையும் நினைப்பூட்டும் அவ்விலங்கு அங்குப் பதின்மூன்று இலட்சம் அளவில் உண்டு. அவை மழையைத் தொடர்ந்து ஆண்டுதோறும் வட்டமாகச் செல்வன. ஜூலை முதல் அக்டோபர் வரை வடக்கே மாரா ஆற்றங்கரையில் நின்று, முதலைகளுக்கிடையே ஆற்றைக் கடக்கும். நவம்பரிற் சிறுமழை தொடங்கவே தெற்கு நோக்கும். ஜனவரி முதல் மார்ச்சு வரை தென்சமவெளியில் தங்கி, சில வாரங்களுக்குள் இலட்சக்கணக்கான கன்றுகளை ஈனும். தெற்கையே அவை நாடுவதற்குக் காரணம் யாது? எரிமலைச் சாம்பல் படிந்த மண்ணில் முளைக்கும் குறும்புல்லிற் சுண்ணச்சத்து முதலியன மிகுதி. பால் சுரக்கும் தாய்க்கு அவை இன்றியமையாதன. எனினும் அங்கு வற்றாத நீர் இல்லாமையால், மழை நின்றதும் பெயர்ந்தே தீரவேண்டும்.

எம் தோழருள் ஒருவர் ஆற்றைக் கடக்கும் காட்சியையே விரும்பினார். ஆயின் அக்காட்சி, கரையில் நாள் முழுதும் காத்திருந்தார்க்கும் வாயாது போதல் உண்டு. வண்டிகள் கரையை நெருக்கி நிற்கவே விலங்குகள் கடக்க அஞ்சித் திரும்புவதும் உண்டு. கன்றீனும் காலமோ பல நாள் நீடிப்பது. பிறந்த கன்று சில நிமிடங்களுள் எழுந்து நின்று தாயின் பின் ஓடத் தொடங்கும். ஆதலின் பெப்ரவரியே தக்கது என்று முடிவு செய்தோம். அதனால் ஓர் இழப்பும் உண்டு. தரங்கீரியில் யானைகள் ஆற்றையடுத்துத் திரள்வது வறண்ட காலத்தில். பெப்ரவரியில் அவை பல திசையிற் பரந்துவிடும். எல்லாவற்றையும் ஒருங்கே தரும் வாரம் ஆண்டிலுள்ள ஐம்பத்திரண்டனுள் ஒன்றேனும் இல்லை. இதனை ஒப்புக்கொள்ளுதலே திட்டமிடுதலின் பாதி என்பது எம் துணிபு.

இவ்வலசை என்றும் இவ்வளவிற்றாய் இருந்தது என்று எண்ணற்க. 1890-களில் ரிண்டர்பெஸ்ட் என்னும் வெக்கை நோய் அந்நிலம் முழுதும் பரவி, மாசாய் மக்களின் மாடுகளையும் வில்டபீஸ்ட் கூட்டங்களையும் ஒருங்கே அழித்தது. பிற்காலத்தில் மாடுகட்குத் தடுப்பூசி இட்டபின் நோய் வனவிலங்கையும் விட்டு நீங்கிற்று. 1961-இல் ஏறக்குறைய இரண்டரை இலட்சமாயிருந்த தொகை, 1970-களின் இறுதிக்குள் பதின்மூன்று இலட்சத்தை எட்டிற்று. அந்நோய் உலகினின்றே ஒழிந்தது என்று 2011-இல் அறிவிக்கப்பட்டது. மாட்டுக்கு இட்ட மருந்து மானைக் காத்தது! 1958-இற் சிறு விமானத்தில் பறந்து இவ்விலங்குகளை எண்ணிய ஜெர்மானியர் பெர்ன்ஹார்ட் கிரிமெக்கையும் அவர் மகன் மைக்கேலையும் இங்கு நினைத்தல் தகும். 1959 ஜனவரியில் அவ்விமானம் வீழ்ந்து மைக்கேல் தம் இருபத்து நான்காம் வயதில் இறந்தார். நிகோரோங்கோரோ விளிம்பில் அவர் கல்லறை உளது. எம்மினும் ஐந்தாண்டே மூத்தவர் ஒருவரின் கல்லறை அது என்று அறிந்தபோது, எம் மேசையிற் சிறிது நேரம் பேச்சில்லாமற் போயிற்று.

அதே 1959-இல் நிகழ்ந்த பிறிதொன்றையும் மறைத்தல் ஆகாது. செரெங்கெட்டி வனத்தினுள் ஆனிரை மேய்த்து வாழ்ந்த மாசாய் மக்கள், அன்றைய ஆங்கில ஆட்சியாரால் அதனின்று நீக்கப்பட்டனர். மக்களும் விலங்கும் சேர்ந்து வாழ்வதற்கென நிகோரோங்கோரோப் பகுதி அவர்கட்கு ஒதுக்கப்பட்டது. ஆயின் 2022 முதல் அங்குள்ளாரையும் தொலைவிலுள்ள ம்சொமெரா என்னும் ஊர்க்குப் பெயர்த்துக் குடியேற்ற அரசினர் முற்பட்டனர். அவ்வாண்டு ஜூன் திங்களில் லொலியொண்டோவில் எல்லைக்கல் நடுகையில் மக்கட்கும் காவலர்க்கும் கைகலப்பு நேர்ந்தது. மக்களும் மாடுகளும் பெருகியதால் வனம் நலிகின்றது என்பது அரசினர் கூற்று. எம் முன்னோர் காத்தமையாலன்றோ விலங்கு எஞ்சிற்று என்பது மாசாயர் கூற்று. எண்ணாயிரம் சதுர கிலோமீட்டர் பரப்பிலுள்ள ஒரு வழக்கை விடுதி மேசையிலிருந்து தீர்க்க யாம் முனையோம். ஆயினும், ஆளரவமற்ற வெளி என்று நாம் வியக்கும் இடத்தில் ஒருவர் வீடு இருந்தது என்பதை அறியாது செல்லுதல், கண் இருந்தும் காணாமையேயாம். மாராவைச் சூழ்ந்த நிலங்களில் மாசாயரே நிலத்தை வாடகைக்கு விட்டு வருவாய் பெற்று, வண்டிகளின் தொகையையும் வரையறுக்கும் காப்பகங்கள் பல உள. கென்யாவுக்குச் செல்வோர் அவற்றில் ஓரிரவேனும் தங்கும்படி திட்டமிடுதல் நன்று. எங்குச் செல்வோரும், ஒருவரைப் படம் பிடிக்குமுன் அவரிடம் இசைவு கேட்டல் வேண்டும்.

இறுதியாகச் சில சிறு குறிப்புக்கள். நிகோரோங்கோரோ விளிம்பு 2,200 மீட்டர்க்கு மேற்பட்ட உயரத்தது. ஆப்பிரிக்கா வெப்பநாடு என்றெண்ணிக் கம்பளி கொள்ளாது செல்வோர் இரவெல்லாம் நடுங்குவர். கருநிறமும் கருநீலமும் செட்சி என்னும் கடிக்கும் ஈயை ஈர்ப்பன. மண்ணிற ஆடையே ஏற்றது. மலேரியாவுக்குரிய மருந்தை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளல் வேண்டும். மஞ்சட்காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்படுவதற்குப் பத்து நாள் முன்னரேனும் இட்டுக்கொண்டு, சான்றினைக் கடவுச்சீட்டோடு வைத்தல் வேண்டும். கென்யா முதலிய நாடுகளினின்று மீள்வாரிடம் நம் நாட்டிலும் அது கேட்கப்படும். பிளாஸ்டிக் பைகளை 2017-இற் கென்யாவும், 2019-இல் தான்சானியாவும் விலக்கியுள்ளன; ஆதலின் துணிப்பையே கொண்டு செல்க.

நேயர்காள்! எம் முதல் தாளை யாம் கிழித்தெறியவில்லை. இரண்டு தாளும் எம் மேசையின் இழுப்பறையில் உள. முதலாவதில் ஏழு புள்ளிகள், இரண்டாவதில் மூன்றே. என்றேனும் பொருள் வாய்க்குமாயின் யாம் கொண்டு செல்வது இரண்டாவது. செல்ல வாய்க்காவிடினும் குறையில்லை. வரும் தேர்வுக்குப் படிக்கவேண்டிய நூல்களின் பட்டியலை நேற்று வகுத்தபோது, எத்தனை நூல் என்று எண்ணாமல், எத்தனை காலைப்பொழுது உண்டு என்று எண்ணியே தொடங்கினோம்.