மின் பொலிஷரும் வாகன வர்ணமும்

காணி திரும்பக் கிடைக்கும்வரை வாகனம் கழுவி மெருகூட்டிக் கூலி தேடும் இளைஞர் நம்மிடையே உளர். பிறர் வாகனத்தில் கை வைக்குமுன் ஒன்றை அறிவோம். இக்கால வாகனங்களில் நிறத்தின் மேல் நிறமற்ற பூச்சு ஒன்று உண்டு. அதன் தடிப்பு பெரும்பாலும் 40, 50 மைக்ரோன். கொப்பித் தாளின் தடிப்பில் ஏறத்தாழப் பாதி. கீறலைப் போக்குவதென்பது இப்பூச்சைத் தேய்த்துக் குறைப்பதே.

அதைக் கெடுப்பது பெரும்பாலும் சூடு. பொலிஷரை ஓரிடத்தில் நிறுத்தி அழுத்தினால் பூச்சு எரிந்துவிடும். கதவு விளிம்பிலும் பொனற் மடிப்பிலும் பூச்சு இன்னும் மெல்லியது; அங்கே ஒட்டுநாடா ஒட்டிவிட்டுப் பின்னர் கையால் தேய்ப்போம். கிரைண்டரில் பஞ்சைப் பூட்டுவோரும் உண்டு. சிறு கிரைண்டர் நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கு மேல் ஓடும். பொலிஷருக்கோ 1,000 முதல் 2,000 போதும். இரவலாகக் கிடைத்தாலும் கிரைண்டர் வேண்டாம்.

முதலில் மண் போகக் கழுவி, நிழலில் ஆறவிடுவோம். பஞ்சை வர்ணத்தில் வைத்த பின்னரே சுவிட்ச். வயர் தோளுக்கு மேலால் போகட்டும். கண்ணாடி அணிவோம். கழுவிய ஈரநிலத்தில் வெறுங்காலோடு நிற்கலாகாது. 230 வோல்ற் மின்சாரம், ட்ரிப் சுவிட்ச் உள்ள இணைப்பே வேண்டும். பஞ்சு மாற்றுமுன் பிளக்கைக் கழற்றுவோம்.

பழைய பொனற் ஒன்றில் பழகுவது நல்லது. மறுபடி வர்ணமடிக்கும் செலவு கூலியைப் பலமடங்கு விழுங்கும். பஞ்சை அடிக்கடி பாருங்கள். பழைய ஒற்றைப்பூச்சு வாகனத்தில் நிறம் ஏறுவது இயல்பு. மற்றவற்றில் நிறம் ஏறினால் மேற்பூச்சு முடிந்துவிட்டது, உடனே நிறுத்துங்கள்.