சைக்கிளில் போனால் மதிப்பார்களா?

கேள்வி: வெளியே நடக்கும் மீட்டிங்குகளுக்குக் காரை விட்டு சைக்கிளில் போக ஆசை. வேர்த்து வழியப் போய் நின்றால் மதிப்பார்களா?
– வாசகர், சென்னை

பதில்: தாராளமாகப் போங்கள். நெதர்லாந்துப் பிரதமராக இருந்த மார்க் ருட்டே, 2017-இல் மன்னரைப் பார்க்கவே சைக்கிளில் போனார். ஹேக் நகர அரண்மனை வாசலில் அதை அவர் பூட்டும் படம் உலகெங்கும் பரவியது. யாரும் அவரைக் குறைவாக நினைக்கவில்லை.

அங்கே தனிப்பாதை உண்டு, வெயில் குறைவு என்பீர்கள். உண்மைதான். அதனால் ஐந்தாறு கிலோமீட்டருக்குள் இருக்கும் இடங்களிலிருந்து தொடங்குங்கள். நிதானமாக மிதித்தாலே இருபத்தைந்து நிமிடம். காலை நெரிசலில், நிறுத்த இடம் தேடும் நேரத்தையும் சேர்த்தால், கார் பெரிதாக முந்திவிடாது.

வேர்வைதான் பெரிய கவலை. ஓட்டும்போது காற்று காயவைக்கும். நிறுத்திய பிறகுதான் வேர்த்துக் கொட்டும். ஆகவே கடைசி ஒரு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டுங்கள், கால் மணி முன்னதாகப் போய்ச் சேருங்கள். முதுகுப் பை வேண்டாம், சட்டை நனைந்து ஒட்டிக்கொள்ளும். கேரியரில் கட்டுங்கள், உள்ளே மாற்றுச் சட்டை, துண்டு. சட்டையை மடிக்காமல் சுருட்டி வைத்தால் கசங்கல் குறையும்.

தலைக்கவசம், பின்விளக்கு கட்டாயம். மேம்பாலம் ஏறாமல் உள்தெருக்களில் போங்கள். சித்திரை மதியம் இரண்டு மணிக்கு மீட்டிங் என்றால் மட்டும் மெட்ரோவில் போய்விடுங்கள்.